ஆபரேஷன் செய்தும் மூக்கில் சதை திரும்ப வளர்கிறதே, ஏன்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூக்கைப் பற்றியே. மழையும் பனியும் காரணமாக இருக்கலாம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயது. மூக்கில் சதை வளர்ந்து, வாசனையே தெரியாமல் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்தார்கள். ஒரு வருஷம் நிம்மதியாக இருந்தேன், இப்போது பழையபடி அடைப்பு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சதை வந்திருக்கிறது, இன்னொரு ஆபரேஷன் என்கிறார்கள். முதலில் செய்தவர் ஒழுங்காக எடுக்கவில்லை என்கிறார் என் மச்சான். அப்பாவுக்கு அந்தக் காலத்தில் மேலுதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே ஓட்டை போட்டுச் செய்தார்கள், அவருக்கும் கடைசி வரை சரியாகவில்லை. எனக்கு வீசிங்கும் உண்டு. இதற்கு நிரந்தரத் தீர்வே கிடையாதா? (ஈரோடு வாசகர்)

பதில்: மச்சானிடம் சொல்லுங்கள், அந்த டாக்டர் மேல் பழி போட அவசரம் வேண்டாம். சரியாகச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகும் சதை வரும். பெல்ஜியத்தில் கென்ட் நகரத்து மருத்துவர்கள் இப்படி ஆபரேஷன் ஆனவர்களை 12 வருஷம் தொடர்ந்து பார்த்தபோது, பத்தில் எட்டுப் பேருக்குச் சதை திரும்பியிருந்தது. ஆனால் மறு ஆபரேஷன் வரை போனவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தைப் பாருங்கள். சதை திரும்ப வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னொரு முறை மேஜை ஏறாமலே காலத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

ஏன் வருகிறது? எண்டோஸ்கோப் குழாயை மூக்கில் விட்டுப் பார்த்தால் தோல் உரித்த திராட்சை மாதிரி பளபளவென்று தொங்குமே, அதுவா நோய்? இல்லை. மூக்கையும், அதைச் சுற்றி எலும்புக்குள் இருக்கிற சைனஸ் என்ற காற்று அறைகளையும் உள்ளே மூடியிருக்கிற சவ்வு வருஷக்கணக்கில் வீங்கி, நீர் கோத்து, தொங்க ஆரம்பித்ததுதான் அந்தச் சதை. வீக்கத்தைத் தூண்டுவதில் ஈசினோஃபில் என்ற ரத்த அணுக்களுக்குப் பெரிய பங்கு. உங்கள் வீசிங்குக்குப் பின்னாலும் பெரும்பாலும் அதே சங்கதி, மூக்கும் நுரையீரலும் ஒரே காற்றுப் பாதைதானே. கத்தி சதையை எடுக்கும், அடைபட்ட சைனஸ் வாசல்களைத் திறக்கும். சவ்வின் சுபாவத்தை மாற்றாது.

அப்படியென்றால் ஆபரேஷன் எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு முன்னால் வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரே அடித்தால் மருந்து மூக்கின் முன்பக்கத்தோடு நின்றுவிடும், சைனஸ் அறைகளுக்குள் போக வழி கிடையாது. வாசல் திறந்த பிறகுதான் உப்புநீரும் மருந்தும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகும். ஆகவே உண்மையான வைத்தியம் ஆபரேஷனுக்கு மறுநாள் தொடங்குகிறது என்பது என் கட்சி. உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வருஷ நிம்மதியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அந்த வருஷம் ஸ்பிரே அடித்தீர்களா, மூக்கைக் கழுவினீர்களா என்று ஒரு வரி கூட இல்லை. நானே ஊகிக்கிறேன்: நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தியிருப்பீர்கள். எல்லாரும் செய்வதுதான். சில சமயம் எங்கள் பக்கத்திலும் தப்பு உண்டு, டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஸ்பிரே ஒரு மாதம்' என்று எழுதி அனுப்பிவிட்டால் நோயாளி என்ன செய்வார்?

அப்பாவுக்குச் செய்தது கால்டுவெல் லக் என்கிற பழைய முறை, 1890களில் வந்தது. கன்னத்துச் சைனஸைத் திறந்து சவ்வைச் சுரண்டி, சளி வடியட்டும் என்று கீழே ஒரு வழி வெட்டுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சைனஸுக்குள் இருக்கிற நுண்முடிகள் சளியை மேலே இருக்கும் இயற்கையான வாசலை நோக்கித்தான் தள்ளும், கீழே எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தாலும் அதைத் தாண்டி மேலேயே கொண்டுபோகும். ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தைச் சேர்ந்த மெசர்கிளிங்கர் என்ற டாக்டர் இதை எண்டோஸ்கோப் வழியாகப் பார்த்துப் பார்த்து விளக்கினார். அந்த அடிப்படையில் வந்ததுதான் இன்றைய எண்டோஸ்கோப்பி சர்ஜரி. அதற்கு ஃபெஸ் (ஃபங்ஷனல் எண்டோஸ்கோப்பிக் சைனஸ் சர்ஜரி) என்ற பெயரை அமெரிக்காவில் டாக்டர் டேவிட் கென்னடி வைத்தது 1985இல்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதல் ஆபரேஷனில் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த பயாப்சி ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில் ஈசினோஃபில் பற்றியோ பூஞ்சை பற்றியோ எழுதியிருந்தால் வைத்தியத்தின் பாதையே மாறும். நம் ஊர் வெப்பத்தில் பூஞ்சை அலர்ஜியால் வரும் சைனஸ் நோய் அபூர்வமில்லை, அது விடாமல் திரும்பி வரக்கூடிய வகை. (2021இல் நாம் எல்லாரும் பயந்த கறுப்புப் பூஞ்சை வேறு, அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அப்புறம் ஒரு முக்கியமான கேள்வி: ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை எதையாவது போட்டு ஓரிரு மணி நேரத்தில் மூக்கு அடைத்து, இழுப்பு அதிகமாகியிருக்கிறதா? சதை, ஆஸ்துமா, இந்த ஒவ்வாமை மூன்றும் சிலருக்குச் சேர்ந்தே வரும். அவர்களுக்குச் சதை சீக்கிரம் திரும்பும். உங்களுக்கு அப்படி ஆகியிருந்தால் எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரிடம் கூட, முதலில் இதைச் சொல்லுங்கள்.

பிறகு ஸ்பிரே. என்னிடம் வருபவர்களை எதிரிலேயே அடித்துக் காட்டச் சொல்வேன். பாதிப் பேர் தலையை அண்ணாந்து, நடுச்சுவரைப் பார்த்து அடித்து, சர்ரென்று உறிஞ்சுவார்கள். மருந்து தொண்டைக்குப் போய்விடும், கசக்கும், நடுச்சுவர் புண்ணாகி ரத்தம் வரும், "எனக்கு ஒத்துக்கலை டாக்டர்" என்று நிறுத்திவிடுவார்கள். தலையைக் கொஞ்சம் முன்னால் குனியுங்கள். வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை. முனை அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்கட்டும். அடித்தபின் மெதுவாக மூச்சிழுத்தால் போதும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஸ்டீராய்டு என்று பயப்படாதீர்கள், ஃபுளூட்டிகசோன், மோமெட்டசோன் போன்றவை ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. நான் பயப்படுவது மாத்திரையாகப் போடும் ஸ்டீராய்டுக்குத்தான். நாலு நாளில் வாசனை திரும்பிவிடும், அதிசயமாக இருக்கும், அதனாலேயே சிலர் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் தாங்களே வாங்கிப் போடுகிறார்கள். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். வேண்டாம்.

இதையெல்லாம் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அடைப்பு தீரவில்லை என்றால் மறு ஆபரேஷன் செய்துகொள்ளலாம், தப்பே இல்லை. உள்ளே டாக்டருக்கு வழிகாட்டும் அடையாள எலும்புகள் சில முதல் முறையிலேயே போயிருக்கும், கண்ணும் மூளையும் பக்கத்திலேயே இருக்கின்றன, ஆகவே மறு ஆபரேஷனில் பழகிய கை வேண்டும். 'ஆண்டிபயாடிக்கை மூன்று மாதம் போட்டுப் பார்க்கலாமா' என்று யாராவது சொன்னால் இதையும் சொல்லுங்கள்: பிரிட்டனில் ஐநூறுக்கு மேற்பட்டவர்களை வைத்து, ஆபரேஷனையும் நீண்ட நாள் கிளாரித்ரோமைசின் என்ற ஆண்டிபயாடிக்கையும் மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் ஒப்பிட்ட மேக்ரோ ஆய்வு 2025இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆறு மாதத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் தெளிவாக நன்றாக இருந்தார்கள், ஆண்டிபயாடிக் வெறும் மாத்திரையைவிடப் பெரிதாக எதுவும் செய்யவில்லை.

ஊசி ஒன்றும் இருக்கிறது. டுபிலுமாப் என்று பெயர், இந்தச் சதை நோய்க்கு அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது. பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒன்று. சதை சுருங்குகிறது, வாசனை திரும்புகிறது, நிறுத்தினால் பலருக்கு மறுபடி வருகிறது. விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

நிரந்தரத் தீர்வு என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அடைப்பில்லாமல் தூங்குவது, சாம்பார் கொதிக்கிற வாசனை தெரிவது, இது கிடைக்கும். ஆய்வுகளில் பலனை அளப்பதே ஸ்னாட் 22 என்ற கேள்வித்தாளை வைத்துத்தான்: 22 தொல்லைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை நீங்களே மார்க் போட வேண்டும், மொத்தம் 110, குறைந்தால் நல்லது. மாதம் ஒருமுறை போட்டு வையுங்கள், அடுத்த ஆபரேஷன் தேவையா என்று பேச அது ஸ்கேனைவிட உதவும்.

கேள்வி: தலைக்குக் குளித்தாலே நீர் கோத்துக்கொண்டு சைனஸ் தலைவலி வருகிறது. பாதித் தலை விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும், விளக்கைப் போட்டால் எரிச்சல். நீர்க்கோவை மாத்திரை இழைத்துப் பற்றுப் போட்டால் கொஞ்சம் தேவலை. ஸ்கேனில் 'லேசான சவ்வுத் தடிப்பு' என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் தேவையா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பது சைனஸ் மாதிரி இல்லை, மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) மாதிரி இருக்கிறது. அடைப்பு, சளி, வாசனைக் குறைவு எதையுமே நீங்கள் சொல்லவில்லை. நாள்பட்ட சைனஸ் என்று பெயர் வைக்கவே அடைப்போ சளியோ 12 வாரமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். 'எனக்கு சைனஸ் தலைவலி' என்று தாங்களே சொல்லிக்கொண்டு வந்த மூவாயிரம் பேரை அமெரிக்காவில் பரிசோதித்தபோது 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகை, அது 2004இல் வெளியான ஆய்வு. மைக்ரேன் வரும்போது சிலருக்கு மூக்கிலும் கண்ணிலும் நீர் வடியும், அதுதான் குழப்புகிறது. லேசான தடிப்பு ஒரு தொல்லையும் இல்லாதவர்கள் ஸ்கேனிலும் தெரியும். நரம்பியல் மருத்துவரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். பற்று உங்கள் இஷ்டம், ஆபரேஷன் மட்டும் வேண்டாம்.

கேள்வி: மூக்கில் விடும் சொட்டு மருந்து இல்லாமல் தூங்க முடியவில்லை. ஒரு வருஷமாகத் தலையணைக்குக் கீழேயே வைத்திருக்கிறேன். (சென்னை, 26 வயது இளைஞர்)

பதில்: தம்பி, இப்போது உங்கள் மூக்கை அடைப்பதே அந்தச் சொட்டு மருந்துதான். ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகையை நாலைந்து நாளுக்கு மேல் விட்டால் மருந்தின் வேகம் இறங்கியதும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும். முதலில் ஒரு துவாரத்துக்கு மட்டும் நிறுத்துங்கள், கூடவே டாக்டரைக் கேட்டு ஸ்டீராய்டு ஸ்பிரே தொடங்குங்கள். அந்தப் பக்கம் திறந்ததும் மறுபக்கத்தையும் நிறுத்துங்கள். முதல் வாரம் கஷ்டம்தான். மென்தால் இன்ஹேலரை உறிஞ்சினால் திறந்த மாதிரி இருக்கும், ஆனால் அது குளிர்ச்சி உணரும் நரம்பைத்தான் தூண்டுகிறது, அடைப்பு அப்படியே இருக்கும்.

கேள்வி: மூக்கைக் கழுவச் சொன்னார் டாக்டர். கேரளாவில் மூக்கு வழியாக அமீபா போய் இறந்துபோகிறார்களே, பயமாக இருக்கிறது. (தென்காசி வாசகி)

பதில்: பயம் நியாயமானது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே வைத்து மூக்கைக் கழுவிய இருவர் நெக்ளேரியா என்ற அமீபாவால் இறந்தார்கள். தண்ணீரைக் குடித்தால் அது ஒன்றும் செய்யாது, மூக்கின் மேல்பகுதி வழியாகத்தான் மூளைக்குப் போகும். ஆனால் கொதித்த நீரில் அது பிழைக்காது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு, மூடி வைத்து ஆறவிடுங்கள். அரை லிட்டருக்கு முக்கால் டீஸ்பூன் உப்பு, எரிந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா. குனிந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டபடி ஒரு துவாரத்தில் ஊற்றினால் மறு துவாரத்தில் வரும். கேன் தண்ணீர், வடிகட்டிய தண்ணீர், போர் தண்ணீர் எதுவானாலும் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். பாட்டிலைத் தினமும் கழுவிக் காயவையுங்கள்.

கேள்வி: வலது மூக்கில் மட்டும் ஆறு மாதமாகக் கெட்ட நாற்றத்தோடு சளி. மூன்று முறை ஆண்டிபயாடிக் போட்டாயிற்று. போடும்போது நிற்கிறது, அப்புறம் வந்துவிடுகிறது. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மேல் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்தீர்களா, சொத்தை இருக்கிறதா? அந்தப் பற்களின் வேர் கன்னத்துச் சைனஸின் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பல்லைச் சரிசெய்யாமல் எத்தனை ஆண்டிபயாடிக் போட்டாலும் இதே கதைதான். எப்படியானாலும் ஒரு பக்கம் மட்டும் தொல்லை என்றால் சி.டி. ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் கட்டாயம், அபூர்வமாகக் கட்டியும் அப்படித்தான் ஆரம்பிக்கும். சளியில் ரத்தம், கன்னத்தில் மரத்துப்போதல், பார்வை இரண்டாகத் தெரிவது இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போங்கள். மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, பல் எக்ஸ்ரேயும் பழைய சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.