வாழ்க்கைத் தரத்தை எண்ணாக்கி மருந்துக்குப் பணம் ஒதுக்குவது நியாயமா?

நோயாளியின் வாழ்க்கைத் தரத்துக்கு மார்க் போட்டு, அதைவைத்து ஒரு மருந்துக்கு அரசு பணம் தரலாமா என்று முடிவு செய்கிறார்களாமே, அது எப்படி, நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கிலாந்தில் மருந்தாளராக இருக்கிறேன். இந்தக் கணக்கின் பலனும் வலியும் எங்கள் கவுண்டருக்குத்தான் வந்து சேரும்.

கணக்கு எளிது. நலத்துக்கு மார்க்: முழு நலம் 1, சாவு 0. முழு நலத்தோடு ஓர் ஆண்டு வாழ்ந்தால் ஒரு ‘க்வாலி’ (QALY), அதாவது வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்து எண்ணிய ஓர் ஆயுள் ஆண்டு. மருந்து இல்லாமல் ஒருவர் 0.4 நலத்தோடு 2 ஆண்டு இருப்பார், மருந்து கொடுத்தால் 0.5 நலத்தோடு 4 ஆண்டு இருப்பார் என்று வையுங்கள். 0.8 இருந்த இடத்தில் 2 கிடைக்கிறது, லாபம் 1.2. அதற்குக் கூடுதலாக 30,000 பவுண்டு செலவானால், ஒரு க்வாலிக்கு 25,000. இங்கே மருந்துகளை எடைபோடும் ‘நைஸ்’ அமைப்பு, 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்பதைத்தான் நீண்ட காலம் எல்லைக்கோடாக வைத்திருந்தது.

சரி, அந்த 0.4 எங்கிருந்து வருகிறது? சண்டையே அங்கேதான். நோயாளியிடம் ‘ஈக்யூ-5டி’ என்ற சின்னப் படிவம் கொடுப்பார்கள். நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கலக்கம் என்று ஐந்தே கேள்விகள். ஆனால் அந்தப் பதில்களுக்கு மதிப்புப் போடுவது நோயாளி இல்லை, பொதுமக்கள். ‘இந்த நிலையில் 10 ஆண்டு வாழ்வீர்களா, இல்லை முழு நலத்தோடு அதைவிடக் குறைந்த ஆண்டுகள் போதுமா?’ என்று கேட்பார்கள். 7 ஆண்டு கிடைத்தால் இரண்டும் ஒன்றுதான் என்று ஒருவர் சொன்னால் மதிப்பு 0.7. 1990-களில் பிரிட்டனில் இப்படிக் கேட்டபோது, ஐந்திலும் மிக மோசமான நிலைக்கு வந்த மதிப்பு -0.594. சாவுக்கே 0 என்பதால், அதைவிடச் சாவதே மேல் என்று அர்த்தம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நோயோடு பல காலம் வாழ்ந்து பழகியவர்கள், தங்கள் நிலைக்குப் பெரும்பாலும் வெளியாட்களைவிட அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள். அப்படியானால் அவர்களையே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டால், அவர்களைக் குணப்படுத்துவதால் வரும் லாபம் குறைந்துபோகும்! கேட்காவிட்டால், அவர்கள் ஆயுளை நீட்டுவதன் மதிப்பு குறையும். உடல் ஊனமுற்றோர் அமைப்புகள் க்வாலியை எதிர்ப்பதற்குக் காரணம் இந்த இரண்டாவதுதான். எனக்கு அவர்கள் கோபம் நியாயமாகவே படுகிறது.

அப்புறம், படிவம் எதைக் கேட்கவில்லை என்பதும் முக்கியம். அந்த ஐந்தில் பார்வை இல்லை. முதுமையில் விழித்திரையின் மையம் கெடும் நோய்க்கு லூசென்டிஸ் ஊசி வந்தபோது, 2007-இல் நைஸ் வெளியிட்ட வரைவு, இரண்டு கண்ணும் பாதிக்கப்பட்டிருந்தால், அதில் நன்றாகத் தெரியும் கண்ணுக்கு மட்டும் ஊசி போடலாம் என்றது. ஒரு கண் போனால் போகட்டும், இன்னொன்று இருக்கிறதே என்ற கணக்கு. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2008-இல் வந்த இறுதி முடிவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு கண்ணுக்கு 14 ஊசிக்கு மேல் போனால் மருந்தின் விலையை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தமானது. அந்தப் பேரத்துக்கு அடிப்படையாக இருந்ததும் இதே க்வாலி கணக்குதான்.

அதனால்தான் குறைகள் தெரிந்தும் நான் இந்த முறையின் பக்கம். பட்ஜெட்டுக்கு எல்லை இருக்கிறது. ஊசிக்குப் போகும் பணம் வேறு யாரோ ஒருவரின் சிகிச்சையிலிருந்து எடுக்கப்படுகிறது, அவர் படம் பேப்பரில் வராது. கணக்கு இல்லாவிட்டால் சத்தம் போடத் தெரிந்தவருக்குத்தான் மருந்து.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. நைஸின் வழக்கமான கணக்கில் செலவு என்றால் அரசு மருத்துவ, சமூக சேவைகளின் செலவு மட்டும். ஊசிக்கு அப்பாவைக் கூட்டிவர மகள் இழக்கும் கூலி அதில் வராது. இந்தியாவில் 2017-இல் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென்று ஓர் அமைப்பு தொடங்கியிருக்கிறார்கள். அங்கே சிகிச்சைச் செலவில் கணிசமான பங்கு வீட்டிலிருந்தே போவதால், கைக்காசையும் சேர்த்து எண்ணாத கணக்கு அங்கே எதற்கும் உதவாது.