வெளிநாட்டுப் பழைய கார்: பணம் அனுப்பும் முன்

கேள்வி: ஜப்பானிலிருந்து பழைய கார் ஒன்றை இறக்குமதி செய்ய விரும்புகிறேன். விலை மலிவாகத் தெரிகிறது. எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: விற்பவர் சொல்லும் விலையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். பல நாடுகளில் கார் விலையுடன் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கே சுங்க வரி கணக்கிடப்படுவதால், மலிவாகத் தெரிந்த கார் துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது மலிவாக இருப்பதில்லை. இறக்குமதிக்கு அனுமதிக்கப்படும் வாகனத்தின் வயது வரம்பு இதைவிடவும் முக்கியம். அதை உற்பத்தி மாதத்திலிருந்து கணக்கிடுவார்களா, முதல் பதிவுத் தேதியிலிருந்தா என்பதை உங்கள் சுங்கத் துறையிடமே கேட்டறியுங்கள்.

ஏலத்தில் எடுத்த கார் என்றால் காரைப் பரிசோதித்து அதன் நிலையை ஏலத்தில் குறித்துத் தரும் மதிப்பீட்டுத் தாளைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அதில் தரக் குறியீடு ‘ஆர்’ (R) என்றிருந்தால், விபத்தில் சிக்கிப் பழுதுபார்க்கப்பட்ட வண்டி என்று பொருள். தாளிலுள்ள சேசிஸ் எண்ணும் (வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்த அடையாள எண்) ஏற்றுமதிச் சான்றிதழிலுள்ள எண்ணும் ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் முன்பணம்கூட அனுப்ப வேண்டாம்.