வங்கியின் பேனலில் இல்லாத சொலிசிட்டர்: மாற்றுவதா, காத்திருப்பதா?

கேள்வி: நானும் கணவரும் லண்டன் ஹாரோவில் முதல் வீடாக ஒரு ஃபிளாட் வாங்குகிறோம். குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமான தமிழ் சொலிசிட்டர் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். அவர் தனியாளாக அலுவலகம் நடத்துபவர். கவுன்சில் தேடல் அறிக்கை வந்துவிட்டது, விற்பவர் தரப்பிடம் கேள்விகளும் கேட்டாகிவிட்டது. இதற்கிடையே புரோக்கர், வட்டி குறைவு என்று எங்களை வேறு வங்கிக்கு மாற்றினார். மோர்ட்கேஜ் ஆஃபரும் கைக்கு வந்துவிட்டது. இப்போது, உங்கள் சொலிசிட்டர் எங்கள் பேனலில் (நாங்கள் அங்கீகரித்தவர்களின் பட்டியலில்) இல்லை என்கிறது வங்கி. வீட்டு விற்பனை ஏஜென்டோ, இந்த வாரமே ஒப்பந்தப் பரிமாற்றம் நடக்க வேண்டும் என்று நெருக்குகிறார். இன்னொன்று: அண்ணா 15,000 பவுண்டு தருகிறார். வசதி வரும்போது திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. வீட்டு நிலைமை தெரியாத புது சொலிசிட்டர் வந்தால் இதையெல்லாம் துருவுவாரே என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது? – ஒரு வாசகி, ஹாரோ

பதில்: சகோதரி, பேனல் சிக்கல் தீரும்வரை ஒப்பந்தப் பரிமாற்றத்துக்குச் சம்மதிக்காதீர்கள். ஏஜென்ட் எத்தனை முறை தொலைபேசியில் அழைத்தாலும் பதில் இதுவாகவே இருக்கட்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பரிமாற்றம் நடக்கும்வரை இரு தரப்பையும் எதுவும் கட்டுப்படுத்தாது. நடந்துவிட்டால், குறித்த நாளில் முழுப் பணத்தோடு நீங்கள் நின்றாக வேண்டும். தன் பேனலில் இல்லாத அலுவலகத்தின் கணக்குக்கு வங்கி பணம் அனுப்பாது. அந்த நாளில் கடன் பணம் வந்து சேராவிட்டால், வழக்கமாகக் கட்டும் 10 சதவீத முன்பணம் பறிபோகலாம். விற்பவர் அதற்கு மேலும் நஷ்டம் கேட்டு வரலாம். ஆஃபர் கையில் இருப்பதும் பணம் கைக்கு வருவதும் ஒன்றல்ல.

உங்கள் சொலிசிட்டரைப் பற்றித் தவறாக எண்ண வேண்டாம். பேனலில் இல்லை என்பதற்காக அவர் திறமையற்றவர் என்றோ நேர்மையற்றவர் என்றோ ஆகிவிடாது. இங்கே வீடு வாங்கும்போது பெரும்பாலும் ஒரே சொலிசிட்டர் உங்களுக்காகவும் வங்கிக்காகவும் வேலை செய்கிறார். கடன் பணம் முழுவதும் அவருடைய வாடிக்கையாளர் கணக்கு வழியாகத்தான் போகிறது. அவர் கையெழுத்திட்ட உரிமைச் சான்றிதழை நம்பித்தான் வங்கி பணத்தை விடுவிக்கிறது. வங்கியின் அடமானத்தை நிலப் பதிவகத்தில் பதிவதும் அவர் பொறுப்பே. ஆகவே யாரிடம் பணத்தை ஒப்படைக்கலாம் என்று ஒவ்வொரு வங்கியும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதுதான் பேனல்.

வங்கிகளுக்கு இதில் வீண் பிடிவாதம் மட்டும் இல்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்த ஏஐபி வங்கி வழக்கைப் பாருங்கள். ஏஐபி கொடுக்க ஒப்புக்கொண்டது, பழைய கடனை அடைப்பதற்கும் சேர்த்து 33 இலட்சம் பவுண்டு மறுகடன். வீட்டின் மேல் முதலில் இருந்த பார்க்ளேஸ் கடனை முழுவதும் அடைத்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். அங்கே இரண்டு கடன் கணக்குகள் இருந்தன. சொலிசிட்டர்கள் ஒன்றை மட்டும் அடைத்தார்கள். சுமார் 309,000 பவுண்டு நிலுவையில் நின்றது. பிற்பாடு கடன் வாங்கியவர்கள் தவணை தவறியபோது, முதல் அடமானம் தனக்கு வரும் என்று நம்பியிருந்த ஏஐபி, பார்க்ளேஸுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தது. அதில் மோசடி எதுவும் இல்லை, கணக்கில் நேர்ந்த பிழைதான். மோசடியே நடந்த வழக்குகள் வேறு இருக்கின்றன.

2008 நெருக்கடிக்குப் பிறகு வங்கிகள் பேனல்களைச் சுருக்கத் தொடங்கின. ஆண்டுக்குச் சில வீட்டு வேலைகள் மட்டும் செய்பவர்களும் தனியாளாக நடத்துபவர்களும் பல பட்டியல்களிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2012 ஜனவரியில் எச்எஸ்பிசி தன் பேனலை 43 நிறுவனங்களாகக் குறைத்தபோது சொலிசிட்டர்களிடையே பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. பிறகு அந்த வங்கி, சொலிசிட்டர்களின் அமைப்பான லா சொசைட்டி வீட்டுப் பத்திர வேலைக்குத் தரும் சிக்யூஎஸ் தரச்சான்று பெற்ற நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தது. 2011இல் தொடங்கிய அந்தச் சான்று இல்லாமல் இன்று பல வங்கிகளின் பேனலில் இடம் கிடைப்பது கடினம்.

எண்ணிக்கையை வைத்து ஆளை அளக்கும் முறை எனக்கு உடன்பாடில்லை. ஃபிளாட்டை நீண்ட காலத்துக்கு நமக்கு உரியதாக்கும் குத்தகை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு நிபந்தனையையும் தமிழில் விளக்கிச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருக்கும்போது, கோப்பு எண்ணை மட்டுமே அறிந்த ஏதோ ஒரு கால் சென்டரிடம் நம் மக்கள் தள்ளப்படுவது பெரிய இழப்பு. ஆனால் நீங்கள் இந்த வாரமே முடிவெடுக்க வேண்டும். அதற்கு வருகிறேன்.

உங்கள் சொலிசிட்டர் இப்போது பேனலுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் வங்கி எப்போது பதில் சொல்லும் என்று யாரும் உறுதி தர முடியாது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் வங்கிக்கு இல்லை. விற்பவர் காத்திருக்கத் தயாராக இல்லாத நிலையில் இதை நம்பி உட்காராதீர்கள்.

தனிப் பிரதிநிதித்துவம் என்று ஒரு வழி உண்டு. உங்கள் சொலிசிட்டர் உங்களுக்கு மட்டும் வேலை செய்வார், வங்கி தனக்கென இன்னொருவரை அமர்த்தும். அந்த இன்னொருவரின் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். அதைவிடத் தொல்லை, தாமதம். உங்களவர் பார்த்து முடித்த ஒவ்வொரு ஆவணமும் அந்த மேசைக்குப் போகும். அங்கிருந்து புதிய கேள்விகள் வரும். அவை விற்பவர் தரப்புக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். ஃபிளாட் என்பதால் கட்டட நிர்வாகம், சேவைக் கட்டணம், நிலவாடகை, குத்தகையில் மீதமுள்ள ஆண்டுகள் என்று கேள்விகளுக்குப் பஞ்சமே இருக்காது. எல்லா வங்கிகளும் இதற்கு ஒப்புக்கொள்வதும் இல்லை. பெரிய தொகை, சிக்கலான சொத்து என்றால் இந்த வழியைப் பரிசீலிக்கலாம். முதல் வீடு வாங்கும் உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய வங்கிக்கே திரும்புவதும் முடியாததல்ல. ஆனால் புதிய விண்ணப்பம், புதிய மதிப்பீடு, அதிக வட்டி. அந்த வட்டி வித்தியாசத்தைப் புரோக்கரிடம் பவுண்டு கணக்கில் எழுதி வாங்கிப் பாருங்கள். அது மிகச் சிறிய தொகையாக இருந்து, அந்த வங்கியின் பேனலில் உங்கள் சொலிசிட்டர் இன்னும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

என் ஆலோசனை, சொலிசிட்டரை இப்போதே மாற்றுவது. புதியவரை அமர்த்துமுன், நீங்கள் கடன் வாங்கும் வங்கியின் பெயரைச் சொல்லி, இந்தக் கிளை அலுவலகம் அதன் பேனலில் இன்று இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வங்கியிடமோ புரோக்கரிடமோ அதே கேள்வியைக் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். போன வருடம் இருந்தார்கள் என்ற பதில் போதாது. ஏஜென்ட் ஒருவரை முன்மொழிந்தால், அதற்கு அவருக்குக் கமிஷன் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். அதைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

பழைய கோப்பு வீணாகாது. வரைவு ஒப்பந்தம், உரிமைப் பதிவின் நகல், குத்தகைப் பத்திரம், கட்டட நிர்வாக நிறுவனம் குத்தகை விவரங்களை நிரப்பித் தரும் எல்பிஇ1 படிவம், கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும், தேடல் அறிக்கைகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். தேடல் அறிக்கைகளைப் பெரும்பாலும் புதியவரும் பயன்படுத்தலாம். ஆனால் வீடு கைமாறும் நாளில் அவை ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது வங்கிகளின் பொது விதி. தேதியைப் பாருங்கள். பழையவருக்குச் சேர வேண்டிய கட்டணம் பாக்கி இருந்தால், அதைத் தீர்க்கும்வரை கோப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆகவே முதலில் கணக்கைக் கேளுங்கள். வேலை பாதியில் நின்றால் எவ்வளவு என்பது தொடக்கத்தில் அவர் தந்த நிபந்தனைக் கடிதத்தில் இருக்கும். நெடுநாள் பழக்கமுள்ளவர், பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து, அண்ணாவின் பணம். உங்களை உண்மையில் வாட்டுவது இதுதான் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. வங்கிக்காகவும் வேலை செய்யும் எந்த சொலிசிட்டரும் வங்கிகளின் கூட்டமைப்பான யுகே ஃபைனான்ஸின் கையேட்டுக்குக் கட்டுப்பட்டவர். அதன் முதல் பகுதி எல்லா வங்கிகளுக்கும் பொது, இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு வங்கியும் தன் நிபந்தனைகளைச் சொல்லும். வீட்டு விலையில் வங்கிக் கடன் போக மிச்சப் பணம் எங்கிருந்து வருகிறது என்று உங்களிடம் கேட்பதும், அது உங்கள் சொந்தப் பணம் இல்லை என்றால் வங்கிக்கு அறிவிப்பதும் அவர் கடமை. குடும்ப நண்பரான பழைய சொலிசிட்டர் பேனலில் இருந்திருந்தாலும் இதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். வங்கிக்குச் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் தடுத்தால், அவர் உங்கள் இரகசியத்தைக் காப்பார், ஆனால் வங்கிக்காக வேலை செய்வதை நிறுத்திவிடுவார். அதோடு உங்கள் கடனும் நின்றுபோகும்.

ஆகவே அண்ணாவுடன் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அன்பளிப்பு என்றால், திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் பங்கும் கேட்கமாட்டேன் என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும், பணம் அவரிடம் எப்படிச் சேர்ந்தது என்று காட்டும் வங்கி அறிக்கைகளும் வேண்டும். சீட்டு எடுத்த பணம், நகை விற்ற பணம், ஊரிலிருந்து வந்த பணம் எதுவானாலும் ஆதாரத்தை இப்போதே தேடி எடுங்கள். கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது. கடன் என்றால் கடன் என்றே சொல்லுங்கள். வங்கி தொகையைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால் மனத்தில் கடனை வைத்துக்கொண்டு அன்பளிப்பு என்று எழுதிக் கொடுப்பது பொய் வாக்குமூலம். 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தின் கீழ் உங்களையும் அண்ணாவையும் அது குற்றவாளியாக்கலாம். 15,000 பவுண்டுக்காக அந்த ஆபத்தில் அவரை நிறுத்த வேண்டாம்.

கூடுதல் செலவுக்கு யார் பொறுப்பு என்பது, எப்போது யாருக்கு என்ன தெரிந்தது என்பதைப் பொறுத்தது. வங்கியை மாற்றும்போது உங்கள் சொலிசிட்டர் யார் என்று புரோக்கருக்குத் தெரிந்திருந்ததா? பேனலைச் சரிபார்த்தாரா? தெரிந்தும் பார்க்கவில்லை என்றால் அவருடைய நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் திருப்தியான பதில் வராவிட்டால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கி மாறியதைச் சொலிசிட்டரிடம் நீங்களே தெரிவித்து, அவர் வாரக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அந்த வாரங்களுக்கான கட்டணத்தைக் குறைக்கச் சொல்வதில் தவறில்லை. அதில் உடன்பாடு வராவிட்டால் சட்டக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அங்கே சிக்கல் நடந்த நாளிலிருந்தோ அது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்தோ ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்காகப் புரோக்கரும் சொலிசிட்டரும் அனுப்பிய மின்னஞ்சல்கள் ஒன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.