ஒரே கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அம்மாவுக்கு 74 வயது. மூட்டுத் தேய்மானத்தால் பல ஆண்டுகளாக முழங்கால் வலி. நாள்பட்ட வலியுள்ள முதியோர் வாரந்தோறும் கூடித் தம் கதைகளைச் சொல்லும் சிகிச்சைக் குழுவில் சேர்க்கச் சொல்கிறார் மருத்துவர். வீட்டில் ஒரே கதையை நூறு முறை சொல்பவர் அங்கேயும் போய்ச் சொன்னால் வலி குறைந்துவிடுமா? அழைத்துப் போவதற்கும் ஆள் இல்லை.

சுமதி

அன்புள்ள சுமதி,

குறையலாம், குறையாமலும் போகலாம். தேய்ந்த குருத்தெலும்பு கதை சொல்வதால் வளராது. மாத்திரையையும் உடற்பயிற்சியையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆள் கிடைக்காதது பெரிய தடையல்ல, ஆட்டோ இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 'நூறு முறை'தான். முதியோர் பழையதையே பேசுவதை மூப்பின் தளர்ச்சி என்று ஒதுக்கிய காலத்தில், அது வாழ்வைத் திரும்பப் பார்த்துச் சீர்தூக்கும் இயல்பான செயல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதினார். பின்னர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் வகுத்த கதைவழிச் சிகிச்சை, மனிதர் வேறு, அவரைப் பீடித்த பிரச்சினை வேறு என்று பிரித்தது. அவ்வழியில் நடக்கும் குழுவில் வலிக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்வார்கள். அது எதையெல்லாம் பறித்துக்கொண்டது, எந்த நாளில் அதையும் மீறி நினைத்ததைச் செய்தீர்கள் என்று கேட்பார்கள். கேட்டிருப்பவர்கள் அறிவுரை சொல்வதில்லை. அக்கதையில் தம்மைத் தொட்ட இடத்தையும், அது தம் வாழ்வில் நினைவூட்டியதையும் சொல்வார்கள்.

என் பெரியம்மா கடைசிவரை இடுப்பு வலியோடு வாழ்ந்தவர். வெள்ளத்தில் உடைந்த வரப்பை இரவெல்லாம் நின்று அடைத்து நாற்றங்காலைக் காப்பாற்றிய கதையை அவர் தொடங்கினாலே வீட்டில் ஒவ்வொருவராக எழுந்துவிடுவோம். ஒருநாள் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த, தானும் நடவு நட்டு முதுகு வளைந்துபோன ஒரு மூதாட்டி, "மண்ணை யாரு எடுத்துக் குடுத்தா?" என்று கேட்டார். பெரியம்மா சிறுவயதிலேயே இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொன்னார். அப்படி ஒரு தங்கை இருந்ததே எங்களுக்குத் தெரியாது. அன்று மாலைவரை இருவரும் திண்ணையை விட்டு எழவில்லை. இடுப்பைப் பற்றிய பேச்சும் எழவில்லை.

அம்மா சொன்ன தடவைகளை எண்ணினீர்களே சுமதி, அக்கதைக்குள் புகுந்து ஒரு கேள்வியாவது கேட்டீர்களா? அவர் முகத்தைப் பார்த்து நாம் கேட்பதெல்லாம் "மாத்திரை போட்டாயா" என்பதுதான். பெற்றவளை நோயாளியாக மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம். அவரும் வேறு வழியின்றி முழங்காலைப் பற்றியே பேசுகிறார்.

குழுவுக்குப் போக விருப்பமா என்று முதலில் அம்மாவிடம் கேளுங்கள். சம்மதித்தால் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். மகள் எதிரில் இருந்தால் பல தாய்மார்கள் வலியைக் குறைத்தே சொல்வார்கள்.