ஒரு கட்டத்தைப் பார்த்து முழு வரிக்கும் நிறம்: எக்செல் கடன் கணக்குக்கு ஒரு வழி

திருக்கோணமலையில் வலை, கயிறு, இஞ்சின் ஒயில் விற்கும் கடைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கடன் கொப்பியை எக்செலுக்கு மாற்றிவிட்டோம். ஏ முதல் ஜி வரை திகதி, பெயர், பொருள், தொகை, கட்டியது, கெடு, நிலை என்று ஏழு நிரல்கள். நிலையில் ‘பாக்கி’ என்று இருந்தால் முழு வரியும் மஞ்சளாக வேண்டும். ஆனால் அந்த ஒரு கட்டம்தான் மாறுகிறது. கெடு தாண்டியவை சிவப்பாகவும் வேண்டும். மீன்பிடிப் பருவத்துக்கு மேற்குக் கரையிலிருந்து வந்தவர்கள் வாடியை (கரையில் போடும் தற்காலிகக் குடிசையை) பிரித்து ஊர் திரும்பும் முன் யாரிடம் காசு கேட்பது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.”

நீங்கள் பயன்படுத்தியது ‘ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ்’ ஆக இருக்கும். அது ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கட்டத்தின் மதிப்பை மட்டுமே பார்க்கும். பக்கத்துக் கட்டத்தைப் பார்க்க வைக்க ஃபோர்முலா வேண்டும்.

முதலில் ஏ2 கட்டத்தில் தொடங்கி ஜி500 வரை இழுத்துத் தேர்ந்தெடுங்கள். தலைப்பு வரியைச் சேர்க்க வேண்டாம். ஹோம் பட்டியில் ‘கொண்டிஷனல் ஃபோர்மட்டிங்’, அதில் ‘நியூ ரூல்’, அப்புறம் ‘யூஸ் எ ஃபோர்முலா’ என்று தொடங்கும் கடைசித் தெரிவு. அங்கே இதை எழுதி, ‘ஃபோர்மட்’ பொத்தானில் மஞ்சளைத் தெரிவுசெய்யுங்கள் (நிரல் எழுத்துகளையும் பின்னால் வரும் ஃபங்ஷன் பெயர்களையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்):

=$ஜி2="பாக்கி"

எல்லாம் அந்த ஒரு டாலர் குறியில்தான் இருக்கிறது. ஜி-க்கு முன்னால் அது இருப்பதால், வரியின் எந்தக் கட்டமும் ஜி நிரலையே பார்க்கும். 2-க்கு முன்னால் இல்லாததால், ஒன்பதாவது வரி ஜி9-ஐயும் பத்தாவது வரி ஜி10-ஐயும் பார்க்கும். இரண்டுக்கும் முன்னால் டாலர் வந்துவிட்டால் எல்லா வரிகளும் ஜி2-ஐயே பார்க்கும். அட்டவணை முழுதும் மஞ்சளாகும், அல்லது ஒன்றுமே ஆகாது. அந்தப் பெட்டியில் இருந்தபடி மவுஸால் கட்டத்தைச் சொடுக்கினால் எக்செல் தானாகவே இரண்டு டாலரையும் போட்டுவிடும். எஃப்4 விசையை இரண்டு முறை அழுத்தினால் சரியாகிவிடும்.

தலைப்பு வரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு ஃபோர்முலாவில் 2 என்று எழுதினால் நிறம் ஒரு வரி மேலே ஏறிவிடும். கட்டி முடித்தவரிடம் போய்க் காசு கேட்பீர்கள். கடன் கணக்கில் அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: ‘பாக்கி’ என்ற சொல்லை நம்ப வேண்டாம். பின்னால் ஒரு இடைவெளி விழுந்தாலும் எக்செலுக்கு அது வேறு சொல். கடற்றொழிலில் கடன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடைபடும். ஒவ்வொரு முறையும் நிலையைத் திருத்த யாருக்கு நேரம்? தொகை டி-யில், கட்டியது ஈ-யில் இருக்கிறதே. மேலே சொன்ன விதிக்குப் பதிலாக இதைப் போடுங்கள்:

=$ஈ2<$டி2

கட்டியது தொகையை எட்டிய நிமிடமே மஞ்சள் தானாக மறையும்.

சரி, கெடு தாண்டியவை. அதே பகுதியைத் தேர்ந்தெடுத்து இரண்டாவது விதியைச் சேர்த்து, சிவப்பு கொடுங்கள்:

=ஆண்ட்($எஃப்2<>"",$எஃப்2<டுடே(),$ஈ2<$டி2)

முதல் நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். வெறும் கட்டத்தை எக்செல் பூச்சியமாக எடுக்கும். பூச்சியம் இன்றைய திகதியைவிடச் சிறியது என்பதால், கெடு எழுதாத கடன்களும் சிவப்பாகிவிடும். ‘மனேஜ் ரூல்ஸ்’ பட்டியலில் சிவப்பு விதி மேலே இருக்க வேண்டும். இரண்டு நிறங்கள் மோதினால் மேலே உள்ளதே வெல்லும்.

இவ்வளவும் செய்தும் சில வரிகள் சிவக்கவில்லை என்றால், திகதியைச் சந்தேகியுங்கள். நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 25/09/2025 அதற்குத் திகதியே இல்லை, வெறும் எழுத்து. எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியதாகக் கணக்காகும். அதனால் அந்தக் கெடு ஒருநாளும் தாண்டாது. 05/09/2025 இன்னும் மோசம்: மே 9 என்று சத்தமில்லாமல் பதிவாகிவிடும். கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்பது பெரும்பாலும் எழுத்து, வலப்பக்கம் நிற்பது திகதி. விண்டோஸின் ‘ரீஜன்’ அமைப்பில் திகதி வடிவத்தை முதலில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைக்கு மாற்றி, ஏற்கெனவே தவறாகப் பதிந்தவற்றைத் திரும்ப எழுதுங்கள்.

கூகுள் ஷீட்ஸிலும் இதே ஃபோர்முலாக்கள் வேலை செய்யும். அங்கே ‘கஸ்டம் ஃபோர்முலா இஸ்’ என்பதைத் தேடுங்கள்.

காசு கேட்கப் போகும் நாளில் தலைப்பு வரிக்கு ஃபில்டர் போட்டு, எஃப் நிரலின் அம்புக்குறியில் ‘ஃபில்டர் பை கலர்’ வழியாகச் சிவப்பை மட்டும் தெரிவுசெய்யுங்கள். கெடு தாண்டியவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அந்தப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு வாடிக்குப் போகலாம்.