வாய்க்கால் பாசியா, பிளாஸ்டிக் செடியா?

கேள்வி: வீட்டில் இரண்டடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறோம். பத்து கப்பி மீன்கள் இருக்கின்றன, கூடவே ஒரு ஃபைட்டர் மீனும் வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான். உயிர்ச்செடி வைத்தால் அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும், பிளாஸ்டிக் செடியே போதும் என்கிறார் கடைக்காரர். மாமனாரோ, வாய்க்காலில் கிடக்கிற வேலம்பாசியைப் பறித்துப் போட்டால் போயிற்று, காசு எதற்கு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, மன்னார்குடி

பதில்: மாமனார் பேச்சைக் கேளுங்கள், ஆனால் பறித்த கையோடு தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.

வேலம்பாசி என்பது நாம் பள்ளிக்கூடத்தில் புனலைக் கவிழ்த்து ஆக்சிஜன் குமிழி வருகிறதா என்று பார்த்தோமே, அதே ஹைட்ரில்லாதான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை உறிஞ்சிக்கொள்ளும், மண்ணில் நடாமல் மிதக்கவிட்டாலும் வளரும். கப்பி வளர்ப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: தாய் மீனே தன் குஞ்சைத் தின்றுவிடும், இந்தப் பாசி அடர்ந்திருந்தால் குஞ்சுகள் உள்ளே புகுந்து தப்பித்துக்கொள்ளும்.

எங்கே பறிக்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். வயல் தண்ணீர் வந்து விழும் வடிகால் வாய்க்கால் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் பைரித்ராய்டு மாதிரியான பூச்சிமருந்துகள் துளியளவு கலந்தாலும் மீன் செத்துவிடும். சுத்தமான குளத்திலிருந்து எடுத்து, நன்றாக அலசி, தனி வாளியில் ஒரு வாரம் வெளிச்சத்தில் வையுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் அப்படியே போட்டேன். அதோடு வந்த தட்டான் புழு ஒன்று, விரல் நகத்தளவுதான் இருக்கும், நான்கு நாளில் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுவிட்டது. காலையில் எண்ணிப் பார்த்துப் பார்த்து மனசு கஷ்டப்பட்டது.

கடைக்காரர் சொல்வதும் பொய்யில்லை. வெளிச்சம் போதாத தொட்டியில் செடி அழுகத்தான் செய்யும். தினம் ஏழெட்டு மணி நேரம் எல்இடி விளக்கு எரியட்டும், ஜன்னல் வெயில் நேராக விழ வேண்டாம், விழுந்தால் கண்ணாடியெல்லாம் பச்சைப்பாசி பிடித்துவிடும். பழுத்த இலையை அன்றன்றைக்கே கிள்ளி எடுத்துவிடுங்கள். இரவில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், அதனால் நெருக்கமாகச் செடி வைத்தால் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். விளக்கு குறைவு என்றால் கடையில் அனுபியாஸ் என்ற செடியைக் கேளுங்கள். அதன் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், ஒரு கல்லில் நூலால் கட்டிவிட்டால் போதும், மெதுவாக வளரும்.

கோல்டு ஃபிஷ் வளர்ப்பவர்களுக்கு நானே செயற்கைச் செடியைச் சொல்வேன், அந்த மீன் மெல்லிய இலையெல்லாம் மேய்ந்துவிடும். ஆனால் ஃபைட்டர் தொட்டிக்குக் கெட்டி பிளாஸ்டிக் வேண்டாம், துணி இலை வைத்தது வாங்குங்கள். ஃபைட்டரின் துடுப்பு பட்டுத்துணி மாதிரி, கூர்மையான ஓரம் பட்டால் கிழிந்து புண்ணாகிவிடும். வாங்கும்போது பழைய நைலான் சேலை நுனியை இலைமேல் இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் அந்தச் செடியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம், ஃபைட்டரைக் கப்பியோடு விடாதீர்கள், வண்ண வால் ஆண் கப்பியைப் போட்டி மீன் என்று நினைத்து அது கடித்துக் குதறும். மகனுக்குத் தனித் தொட்டியே வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று, செடி மண்டிப்போய் வெட்டி எடுத்தால், கடைச்செடியை மட்டும் வாய்க்காலில் கொட்டிவிட வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரைதான் இன்று நம் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெட்டியதை வெயிலில் காயவைத்துக் கொல்லை வாழைக்கு அடியில் போடுங்கள், நல்ல உரம்.