சமையல் மேடையில் கிரானைட்: கேட்டவர்களுக்குப் பதில்

சேலத்திலிருந்து: மேடைக்குக் கறுப்புக் கல்லா, வெள்ளையா? வீட்டில் காஷ்மீர் வைட் கேட்கிறார்கள்.

பெயரில்தான் காஷ்மீர்; கல் நம் மதுரைப் பக்கத்தது. சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்ற கனிமம். பார்க்க அழகு, ஆனால் எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்கிவிடும். கடையில் வெட்டுத்துண்டு ஒன்று கேட்டு வாங்கி வாருங்கள். ஒரு சொட்டு நல்லெண்ணெய், பக்கத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு, ராத்திரி முழுக்க இருக்கட்டும். காலையில் துடைத்த பிறகும் எண்ணெய் வட்டம் தெரிந்தால் அது குடிக்கிற கல். எலுமிச்சை பட்ட இடம் மங்கியிருந்தால் வாங்கவே வேண்டாம், மார்பிளைக் கிரானைட் என்று தள்ளிவிடுகிறார்கள். கறுப்புக் கல்லென்றால் பஞ்சில் தின்னர் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் சாயம் ஏற்றிய கல்.

திருச்சியிலிருந்து: போர் தண்ணீரால் சிங்க்கைச் சுற்றி வெள்ளையாக உப்பு. ஆசிட் ஊற்றலாமா?

கூடாது. உப்போடு சேர்த்து மூட்டிலிருக்கும் சிமென்ட்டையும் தின்றுவிடும், ஸ்டீல் சிங்க்கும் போகும். புது பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டுங்கள், வந்துவிடும். அப்புறம் தினமும் ஈரத்தைத் துடைத்தாலே போதும்.

கோவையிலிருந்து: குவார்ட்ஸ்?

போடலாம். ஆனால் அது கல்தூளை ரெசின் என்ற பிளாஸ்டிக் பசையில் கலந்து செய்யும் பலகை, இறக்கிய குக்கரை நேராக வைக்கக் கூடாது. நீங்கள் வைப்பீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ஹாலுக்கு எந்தக் கல்?

இன்று சமையலறை மட்டும்.

மதுரையிலிருந்து: அடுப்புக்குப் பின்சுவரிலும் கிரானைட் ஒட்டலாமா?

வீண் செலவு. நாலு அங்குலம் கிரானைட் பட்டை, அதற்கு மேல் டைல்ஸ்.

ஓசூரிலிருந்து: ஐயா, இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். டைல்ஸ் இடுக்கில் தாளிப்புப் பிசுக்கு ஏறிக் கறுத்துப்போவதை யார் தேய்ப்பது?

இடுக்கை அடைக்கச் சிமென்ட்டுக்குப் பதில் எபாக்ஸி கிரவுட் என்ற பசைக் கலவை போட்டால் ஏறாது. எடையை நினைத்தீர்களா? 18 மில்லிமீட்டர் கல் சதுர அடிக்கு நாலரை கிலோ. எட்டடிக்கு இரண்டடி என்றால் 72 கிலோ சுவரில் தொங்கும்.

மறுபடி ஓசூர்: எங்கள் வீட்டில் பத்து வருடமாக நிற்கிறதே! எபாக்ஸி கிரவுட் போட எத்தனை மேஸ்திரிக்குத் தெரியும்?

அது நியாயம்தான். சாதா சிமென்ட்டையே இழுத்துவிட்டு எபாக்ஸி என்று கணக்கெழுதுகிற ஆட்கள் உண்டு. சரி, பாதி வழி வருகிறேன்: அடுப்புக்கு நேர் பின்னால் மட்டும் மூன்றடி அகலத்துக்கு ஒரே கல், மற்ற இடம் டைல்ஸ். கல்லின் முதுகு வழவழப்பாக இருந்தால் வெறும் சிமென்ட் பால் பிடிக்காது; கல் ஒட்டுவதற்கென்றே விற்கும் பசை வாங்குங்கள். ஸ்விட்ச் பாக்ஸ் வரும் இடத்தை ஒட்டுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். சுவரில் ஏறிய பிறகு வெட்டினால் மூலையிலிருந்து கீறல் ஓடும்.

நாமக்கல்லிலிருந்து: உப்புக் கறைக்கு டாய்லெட் கிளீனர் ஊற்றலாமா?

அதுவும் ஆசிட்தான். திருச்சிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூரிலிருந்து: லேசாக, தண்ணீர் கலந்து ஆசிட்…

வேண்டாம்.

சேலம், மறுநாள் காலை: எண்ணெய் வட்டம் போகவில்லை. ஆனாலும் அதே கல்தான் வேண்டுமாம்.

ஜன்னல் திட்டுக்கு அதைப் போட்டுக் கொடுங்கள், மேடைக்குக் கறுப்பு. அதற்கும் சம்மதமில்லை என்றால், கறை இறங்காமல் தடுக்கும் சீலர் அடித்துப் போடுங்கள். பூச்சு தேயத் தேய மறுபடி அடிக்க வேண்டும். மஞ்சள் கொட்டினால் அந்த நிமிடமே துடைக்க வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.